அரியிலூர்த் திண்ணையும் ஐயரவர்கள் சுவடிகளும்

சென்னையின் தென்பகுதியில், பெசன்ட் நகர்க் கடற்கரைக்கு அண்மையில், உப்புக்காற்று ஓயாமல் வீசும் இடத்தில், மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல் நிலையம் இருக்கிறது. தனி மனிதர் ஒருவர் தம் ஆயுட்காலம் முழுவதும் ஊரூராக அலைந்து, வேண்டியும், காத்திருந்தும், ஏமாந்தும், மீண்டும் வேண்டியும் சேர்த்து வைத்த ஏட்டுச் சுவடிகளும், கையெழுத்துப் பிரதிகளும், குறிப்பேடுகளுமாக மூவாயிரத்துக்கு மேற்பட்டவையே அந்நிலையத்தின் மூலதனம். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை செய்யுள் நூல்கள்: காப்பியங்கள், சங்கத் தொகைகள், தலபுராணங்கள், கோவை, உலா, கலம்பகம், அந்தாதி என்று பலவகைப்பட்டவை. அவற்றைப் பார்க்கிறவர்களுக்கு, அவர் பணிபுரிந்த கும்பகோணம் காலேஜும் அவரை ஆதரித்த திருவாவடுதுறை மடமும் நினைவுக்கு வருவது இயல்பே. எனக்கோ அந்தச் சுவடிக் கட்டுக்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், காவிரி பாயாத வேறொரு நாடு கண்முன் வந்து நிற்கும். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே கிடக்கும் அந்த வறண்ட நாட்டிலேதான் இச்சேகரத்தின் முதல் வித்து விழுந்தது என்பதே என் துணிபு.

வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் எல்லையாக, மேற்கே பச்சைமலை காவல் நிற்க, நடுவே மருதையாறு மெலிந்து ஓட, கரிசலும் செம்மண்ணும் சுண்ணாம்புக் கல்லும் மாறி மாறித் தோன்றும் வானம் பார்த்த பூமி அது. சோளம், கம்பு, வரகு, பருத்தி இவையே அந்நாட்டின் பழைய செல்வம். நெடுங்காலம் திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் பகுதியாக இருந்து, 1995-ஆம் ஆண்டு பெரம்பலூர் ஜில்லா என்று தனியே பிரிந்து, 2007-இல் அரியலூரும் நிலையாகத் தனி ஜில்லாவாயிற்று. இன்று அரியலூர் என்றவுடன் சிமெண்டு ஆலைகளைச் சொல்லுவார்கள். ஐயரவர்கள் தம் நூல்களில் இவ்வூரை ‘அரியிலூர்’ என்றே எழுதுவார். பழைய காலத்தைப் பற்றிச் சொல்லும்போது நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஆற்றுநீர் குறைந்த நாடாயினும் தமிழ் குறைந்த நாடன்று. இராஜேந்திர சோழன் தலைநகர் அமைத்த கங்கைகொண்ட சோழபுரம் இதன் கீழ்ப்பால் இருக்கிறது. இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் கொள்ளிடத்துக்கு வடகரையிலுள்ள ஏலாக்குறிச்சியிலே தங்கி, அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டி, அதன்மீது ஒரு கலம்பகமும் பாடினார். 3,615 செய்யுட்களால் ஆகிய தேம்பாவணியை இயற்றியவரும் அவரே. பிற்காலத்தில் அரியிலூரில் மழவராய வம்சத்து ஜமீன்தார்களும், உடையார்பாளையத்தில் கச்சி என்னும் அடைமொழி பூண்ட உடையார்களும் வித்துவான்களை ஆதரித்தார்கள். உடையார்பாளையம் கச்சிக் கல்யாணரங்கருடைய சமஸ்தானத்தை அலங்கரித்தவர், கனமார்க்க சங்கீதத்தில் ஒப்பற்று விளங்கியதால் கனம் கிருஷ்ணையர் என்று பெயர் பெற்ற மகாவித்துவான். அவரிடம் குருகுலவாசம் செய்து சங்கீதம் பயின்றவர் வேங்கடசுப்பையர். அந்த வேங்கடசுப்பையருடைய குமாரர்தாம் நம் ஐயரவர்கள். தஞ்சை ஜில்லா உத்தமதானபுரத்துக் குடும்பம் கொள்ளிடம் கடந்து இந்த வறண்ட நாட்டுக்கு வந்ததற்குக் காரணம் சங்கீதமும் அதற்குக் கிடைத்த ஜமீன் ஆதரவுமே.

1855-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 19-ஆம் தேதி, தாய்வழிப் பாட்டனாரின் ஊராகிய சூரியமூலையிலே பிறந்த அந்தக் குழந்தைக்கு வேங்கடராமன் என்று பெயர் வைத்திருந்தார்கள். வீட்டில் ‘சாமா’ என்று அழைப்பார்கள். தகப்பனார் எங்கே ஆதரவு கிடைக்கிறதோ அங்கே குடும்பத்தைக் கொண்டு போவார். அரியிலூரில் சில காலம், பின்பு வேறோர் ஊர், மறுபடியும் அரியிலூர், அதன்பின் குன்னம் என்று வருஷங்கள் கழிந்தன. அந்தக் குடும்பத்துக்கு நிலையான வீடு இல்லை, நிலையான வரும்படி இல்லை. புத்தகங்களும் இல்லை.

புத்தகம் இல்லை என்பதை இக்காலத்தார் எளிதில் உணர்ந்துகொள்ள முடியாது. இந்தியர்கள் தடையின்றி அச்சுக்கூடம் வைத்துக்கொள்ளலாம் என்ற நிலை 1835-ஆம் ஆண்டில்தான் ஏற்பட்டது. ஆறுமுக நாவலர் போன்ற பெரியோர்கள் சென்னையிலிருந்து நல்ல பதிப்புக்களை வெளியிட்டு வந்தார்களென்றாலும், அவை அரியிலூருக்கோ குன்னத்துக்கோ வந்து சேருவது அபூர்வம். ஓர் ஊரில் ஒருவரிடம் ஒரு புராணம் அச்சில் இருந்தால் அது அந்த வட்டாரத்துக்கே செல்வம். மற்றவையெல்லாம் பனையோலை. பருவமறிந்து ஓலை வெட்டி, வேகவைத்து, உலர்த்தி, வாரி, துளையிட்டு, கயிறு கோத்து, எழுத்தாணியால் கீறி, மை பூசித் துடைத்து எடுத்தால்தான் ஒரு சுவடி. அதைப் பிரதி செய்யவேண்டுமானால் உடையவர் மனம் இசையவேண்டும். அவர் இசைந்தாலும் எழுதுகிறவனுக்கு ஓலையும் ஓய்வும் வேண்டும். ஆகவே அக்காலத்தில் நூல் என்பது முதலில் ஒருவருடைய நினைவிலும், அடுத்தபடியாக ஓர் ஏட்டிலும், கடைசியாகவே காகிதத்திலும் இருந்தது. ஒரு நூலை அறியவேண்டுமானால் அதை நினைவில் வைத்திருக்கும் மனிதரைத் தேடிப்போகவேண்டும்.

அத்தகைய மனிதராக அரியிலூரிலே வாய்த்தவர் சடகோபையங்கார். தமக்குத் தமிழின் சுவையை முதலில் ஊட்டியவர் அவரே என்று, எத்தனையோ பெரும்புலவர்களோடு பழகிய பிறகும் ஐயரவர்கள் மறவாமல் எழுதினார். நிகண்டும் சதகமும் நெட்டுருச் செய்து ஒப்பித்தால் போதும் என்றிருந்த திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில், ஒரு செய்யுளைச் சொல்லி, அதிலேயே தாமும் ஆழ்ந்து, கேட்பவனையும் ஆழ்த்தக்கூடிய ஒருவர் கிடைப்பது பாக்கியமே. அந்தத் திண்ணையிலே சிறுவன் கற்றுக்கொண்டது சில செய்யுட்கள் மட்டுமல்ல, இன்னும் வேண்டும் என்ற தாகத்தையும் அங்கேதான் பெற்றான். அந்தத் தாகம் பின்னால் எத்தனை ஊர்த் தண்ணீரைக் குடித்தும் அடங்கவில்லை.

குன்னத்திலே வேங்கடசுப்பையர் அருணாசல கவியின் கீர்த்தனங்களைப் பாடி இராமாயணப் பிரசங்கம் செய்து ஜீவனம் நடத்தினார். ஊரார் மனமுவந்து கொடுத்ததே அவருக்கு வருவாய். தமக்குச் சங்கீதம் வாய்த்ததுபோல மகனுக்கும் வாய்க்கவேண்டும் என்று அவர் விரும்பினார். மகனோ தமிழ், தமிழ் என்றே ஏங்கினான். அவனுடைய ஏக்கத்தைக் கண்டு, தம் விருப்பத்தை ஒதுக்கி வைத்து, எந்த ஊரில் எவர் எந்த நூலைப் பாடம் சொல்லுவார் என்று விசாரித்துக்கொண்டு அவர் நடந்த நடையை நினைக்கும்போது என் நெஞ்சு நெகிழ்கிறது. மகனுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பவர் இருக்கும் ஊரில் தமக்குப் பிரசங்கம் கிடைக்குமா, கிடைக்காவிட்டால் குடும்பம் எப்படி நடக்கும் என்ற இரட்டைக் கணக்கை வைத்துக்கொண்டுதான் அவர் ஒவ்வோர் ஊருக்கும் மூட்டை கட்டினார். ஐயரவர்களுடைய புத்தகசாலையில் தகப்பனார் வாங்கி வைத்த நூல் என்று ஒன்றைத் தேடவேண்டியதில்லை. அவர் நடந்த நடையே அச்சேகரத்தின் முதற் பொருட்செலவு.

குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை என்பவரிடம் திருவிளையாடற் புராணப் பாடம் நடந்தது. கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூல் கேட்கும் வாய்ப்பு ஏற்பட்டது. பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் இருந்த விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக்காரிகை பாடம் கேட்கக் கிடைத்தது. இம்மூவரும் மடாதிபதிகளல்லர், காலேஜ் பண்டிதர்களுமல்லர். கிராமங்களிலே தம் குடும்ப காரியங்களைப் பார்த்துக்கொண்டு, ஒழிந்த வேளையில் நூல்களைப் படித்து, கேட்க வந்தவனுக்குச் சலிப்பின்றிச் சொன்ன கிருகஸ்தர்கள். ஒருவர் சைவ வேளாளர், ஒருவர் வைஷ்ணவ பிராமணர், ஒருவர் ரெட்டியார். ஸ்மார்த்தக் குடும்பத்துப் பையனுக்கு இவர்கள் பாடம் சொன்னார்கள். தமிழ் என்ற ஒன்றே அவர்களை ஒரு திண்ணையில் உட்காரவைத்தது.

செங்கணத்து ரெட்டியாரைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்லவேண்டும். காரிகை என்பது செய்யுளின் எலும்பையும் நரம்பையும் காட்டும் நூல். எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்று அது படிப்படியாக ஏறிச்செல்லும். இப்படிப்பு இல்லாதவன் ஏட்டுச் சுவடியைக் கையில் எடுத்தால் ஓரடி எங்கே முடிகிறது, மற்றோரடி எங்கே தொடங்குகிறது என்பதையே அறியமாட்டான். ஏன் என்றால், ஏட்டில் செய்யுளை அடி அடியாகப் பிரித்து எழுதும் வழக்கம் இல்லை. உரைநடைபோல ஒரே ஓட்டமாகக் கீறிக்கொண்டு போவார்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேற்றுமை இராது. ஆகாரத்தைக் காட்டும் காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். இவற்றின் நடுவே, பிற்காலத்துப் பதிப்பாசிரியருக்கு ஒரு சொல் சிதைந்திருக்கும் இடத்தில் அங்கே இருந்திருக்கவேண்டியது நேரசையா நிரையசையா என்று உடனே உணர்த்திய வழிகாட்டி, இளமையில் பதிந்த யாப்பிலக்கணமே. சிந்தாமணி விருத்தத்தையும் சிலப்பதிகார ஆசிரியப்பாவையும் ஏட்டிலிருந்து மீட்ட கைக்குச் செங்கணத்திலே பயிற்சி அளிக்கப்பட்டது என்று சொன்னால் அது மிகையன்று.

அந்த ரெட்டியாரே, இனி இவனுக்குப் பாடம் சொல்லத்தக்கவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களே என்று வழிகாட்டினார். தம்மிடம் வந்த மாணாக்கனைத் தம்மிடமே இருத்திக்கொள்ள விரும்பாமல், தம்மினும் பெரியவரிடம் போ என்று அனுப்பும் உள்ளம் எல்லா ஆசிரியர்களுக்கும் வாய்ப்பதன்று. 1871-ஆம் ஆண்டு, பதினேழாம் பிராயத்தில், அந்த இளைஞன் தகப்பனாருடன் மாயூரம் போய்ப் பிள்ளையவர்களை அடைந்தான். வேங்கடராமன் என்ற பெயர் சாமிநாதன் என்று மாறியதும் பிள்ளையவர்களாலேதான்.

இவ்விடத்தில் ஒன்றை நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. இச்சிறுவன் அரியிலூரிலும் குன்னத்திலும் ஒரு செய்யுளுக்காக ஏங்கிக்கொண்டிருந்த அதே 1860-களை ஒட்டிய காலத்தில், அதே நிலத்தில் வேறொரு வகையான சேகரமும் நடந்துகொண்டிருந்தது. ஆங்கில அரசாங்கத்தின் பூகர்ப்ப சாஸ்திர இலாகாவைச் சேர்ந்த பிளான்ஃபோர்டு என்பவர் இந்த வட்டாரத்துப் பாறைகளை ஆராய்ந்து, அவற்றை ஊட்டத்தூர்ப் படிவம், திருச்சிராப்பள்ளிப் படிவம், அரியலூர்ப் படிவம் என்று மூன்றாக வகுத்தார். ஸ்டோலிச்கா என்னும் மற்றொரு பண்டிதர் அங்கே கிடைத்த சங்கு, சிப்பி, சுருள் வடிவ நத்தை முதலிய கல்லுருவங்களைப் பல பெரிய சம்புடங்களில் வருணித்து 1873-க்குள் வெளியிட்டார். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்ததென்பதற்கு அவை சாட்சி. இன்றைக்கும் உலகத்துப் பூகர்ப்ப சாஸ்திரிகள் அரியலூர் என்ற பெயரைத் தம் நூல்களில் வழங்குகிறார்கள். விக்டோரியா மகாராணியாரின் காலத்து ஐரோப்பியப் பண்டிதர்கள் இந்நிலத்தில் பொறுக்கி எடுத்ததைத் தம் நாட்டுக் காட்சிசாலைகளும் அறிந்தன. அதே மகாராணியாரின் பிரஜையாகப் பிறந்த ஒரு தமிழ்ப் பையன் அந்நிலத்து மனிதர்களின் வாயிலிருந்து பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்ததை அக்காலத்தில் எவரும் அறியவில்லை.

மாயூரத்துக்குப் போன பிறகும் இந்நாடு அவரை விட்டுவிடவில்லை. அம்மை கண்டு குருநாதரைப் பிரிந்திருக்க நேர்ந்ததும், திருமணத்துக்காக வாங்கிய கடன் தலைக்குமேல் நின்றதும் ஆகிய கஷ்ட காலத்தில், பெரம்பலூர்ப் பக்கத்துக் காரை என்னும் ஊரிலே கிருஷ்ணசாமி ரெட்டியார் முதலியவர்களின் ஆதரவில் திருவிளையாடற் புராணப் பிரசங்கம் செய்யும் சந்தர்ப்பம் வாய்த்தது. மேற்சொன்ன கல்லுருவங்கள் மண்மேலே இறைந்து கிடக்கும் காரை இதுவே. சிதம்பரம் பிள்ளையிடம் சிறுவனாக இருந்து கேட்ட புராணத்தை அவர் அங்கே இளைஞராக இருந்து ஊராருக்குச் சொன்னார். செய்யுள் ஒவ்வொன்றையும் இசையோடு படித்து, பதம் பிரித்து, பொருள் விரித்து, ஏர் உழுதுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் குடியானவர்களும் அனுபவிக்கும்படி செய்யவேண்டும். இதைவிடக் கடுமையான பரீட்சை எந்தச் சர்வகலாசாலையிலும் இல்லை. அரும்பதவுரையும் குறிப்புரையுமாகப் பின்னாளில் அவர் எழுதிய எளிய தெளிந்த வசனநடைக்குக் காரைத் திண்ணையும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

பிள்ளையவர்கள் 1876-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்திலே சிவபதம் அடைந்தார்கள். திருவாவடுதுறை ஆதீனம் சுப்பிரமணிய தேசிகரின் நிழலில் மேலும் சில ஆண்டுகள் கழிந்தன. 1880-ஆம் ஆண்டு, தியாகராச செட்டியாருடைய உதவியால், அவர் வகித்திருந்த கும்பகோணம் காலேஜ் தமிழ்ப் பண்டிதர் பதவி ஐயரவர்களுக்குக் கிடைத்தது. அவ்வாண்டு அக்டோபர் மாதம் 21-ஆம் தேதி, முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் கண்டு பேசிய வரலாறு தமிழர் யாவரும் அறிந்தது. தாம் படித்த அந்தாதிகளையும் கலம்பகங்களையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் ஐயரவர்கள் அடுக்கிச் சொல்ல, முதலியார் சிறிதும் வியவாமல், சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்டார். அவருடைய கேள்வியைக் கேட்டு, நான் படித்தவை போதும் என்று செருக்கிக் கோபிக்காமல், அந்த நூல்களைக் காணவேண்டும் என்ற தாகம் எழுந்தது பாருங்கள், அது புதிதாகத் தோன்றியதன்று. அரியிலூரில் சடகோபையங்காரின் முன்னே தோன்றிய தாகமே மறுபடியும் தலைதூக்கிற்று.

அதன்பின்பு தொடங்கியது சுவடி வேட்டை. இருபதுக்கு மேற்பட்ட பிரதிகளை ஒப்பிட்டு, ஜைன அன்பர்களிடம் அவர்கள் சமயக் கருத்துக்களைக் கேட்டுத் தெளிந்து, 1887-இல் சீவகசிந்தாமணியை வெளியிட்டார். 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை என்று அடுத்தடுத்து வெளிவந்தன. ஐங்குறுநூறு, பதிற்றுப்பத்து, பரிபாடல், பெருங்கதை, குறுந்தொகை முதலியவை இருபதாம் நூற்றாண்டில் தொடர்ந்தன.

அந்த வேட்டையில் எல்லாம் கிடைத்துவிடவில்லை. பாண்டியர் ஒருவர் தொகுத்த புத்தகசாலை இருந்தது என்று கேள்வியுற்றுத் திருநெல்வேலிச் சீமையிலுள்ள கரிவலம்வந்தநல்லூருக்கு அவர் ஆவலோடு போனபோது, பழைய ஏடுகளையெல்லாம் நெய்யில் தோய்த்து ஹோமத்தீயில் இட்டுவிட்டார்கள் என்ற செய்தியே எதிர்கொண்டது. ஆடிப் பதினெட்டிலே ஆற்றில் விடப்பட்ட சுவடிகள் எத்தனை என்பதை யார் கணக்கிட முடியும்? செய்தவர்கள் பாவம் செய்வதாக எண்ணவில்லை, சாஸ்திரப்படி நடப்பதாகவே எண்ணினார்கள் என்பதுதான் இதில் மிகுந்த துக்கத்தை அளிப்பது. இத்தகைய அழிவு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் பெர்ஸி என்னும் பாதிரியார் தம் நண்பர் வீட்டில் பழைய கதைப்பாட்டுக்கள் எழுதிய ஒரு கையெழுத்துப் புத்தகத்தைக் கண்டபோது, அவ்வீட்டு வேலைக்காரிகள் அதன் தாள்களைக் கிழித்துக் கணப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் மீட்ட அந்தப் புத்தகத்தை, நூறு ஆண்டுக்குப் பின் 1867, 1868 ஆகிய ஆண்டுகளில் பர்னிவால் என்ற பண்டிதர் மற்றொருவருடன் சேர்ந்து முழுவதுமாகப் பதிப்பித்தார். பர்னிவால் பழைய ஆங்கில நூல்களை வெளிப்படுத்துவதற்காகவே 1864-இல் ஒரு சங்கம் நிறுவியவர். அவருக்குச் சங்கமும் சந்தாதாரர்களும் பெரிய புத்தகசாலைகளும் துணையிருந்தன. கும்பகோணத்துப் பண்டிதருக்குத் துணையிருந்தவை காலேஜ் விடுமுறை நாட்களும், மாட்டுவண்டியும், சில அன்பர்களின் கையொப்பத் தொகையும், ஆதீனத்தின் அபிமானமுமே.

கிடைத்தவற்றுக்கும் ஒவ்வொரு கதை உண்டு. பத்துப்பாட்டுக்குப் பிரதி தேடி ஆழ்வார்திருநகரிக்குப் போய், பல வீடுகளில் பார்த்தும் கிடைக்காமல், இரவில் வீதியிலே எழுந்தருளிய பெருமாளை மனங்கசிந்து வேண்டிக்கொண்டு நின்றபோது, லக்ஷ்மண கவிராயர் தம் மாமனாராகிய தேவர்பிரான் கவிராயர் வீட்டிலிருந்து ஏட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் மலர்ப்பெயர்களுள் சில, கிடைத்த பிரதிகளில் இல்லாமற் போக, அந்த மலர்களைத் தருமபுர ஆதீனத்து ஏட்டிலே கண்டெடுத்தார். வாசகர் நினைத்துப் பார்க்கவேண்டும்: மூன்று பூவின் பெயருக்காக ஒரு பிரயாணம்! ஒரு சொல் குறைந்தாலும் கபிலருக்கு அபசாரம் என்று அவர் கருதினார்.

இவ்வாறு சேர்ந்ததுதான் அந்தச் சேகரம். சீமான்கள் அழகிய அட்டை போட்டு அலமாரியில் வரிசையாக வைக்கும் புத்தகங்களைப்போலல்லாமல், அதில் உள்ள ஒவ்வொரு சுவடிக்கும் பின்னே கொடுத்த ஒருவரும் அவருடைய ஊரும் நிற்கிறார்கள். ஐயரவர்களுடைய பதிப்புக்களின் முகவுரையைத் திருப்பிப் பாருங்கள். இன்ன ஊர் இன்னார் கொடுத்த பிரதி என்று ஒன்றையும் விடாமல் எழுதியிருப்பார். கவிராயர்களும், மடத்துத் தம்பிரான்களும், வக்கீல்களும், ஜைன வணிகர்களும் அங்கே சமமாக வீற்றிருப்பார்கள். பாரிஸ் நகரத்துப் பேராசிரியர் ஜூலியன் வின்ஸோன் எழுதிய கடிதமும், திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த போப்பையர் எழுதிய கடிதமும் அவருக்கு வந்தன. ஆயினும் அரியிலூரிலும் செங்கணத்திலும் கற்ற நன்றியறிதலை அவர் மறக்கவில்லை. திருவல்லிக்கேணியிலே தாம் குடியிருந்த வீட்டுக்கு, தமக்கு உத்தியோகம் வாங்கிக் கொடுத்த தியாகராச செட்டியாரின் பெயரால் ‘தியாகராஜ விலாசம்’ என்று பெயரிட்டதும் அந்தச் சுபாவத்தைச் சேர்ந்ததே. 1903-இல் சென்னை இராஜதானிக் கல்லூரிக்கு மாற்றப்பட்டு, 1919-இல் ஓய்வு பெற்ற பிறகு, அந்த வீடே தமிழ்நாட்டின் புத்தகசாலையாக விளங்கிற்று.

1940-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் ஆனந்த விகடனில் அவர் ‘என் சரித்திரம்’ எழுதத் தொடங்கினார். எண்பத்தைந்தாம் பிராயத்தில், சுற்றிலும் சுவடிகள் சூழ இருந்துகொண்டு, சுவடி ஒன்றும் இல்லாத அந்த இளமைக் காலத்தைப் பக்கம் பக்கமாக விரித்து எழுதினார். சிந்தாமணிப் பதிப்பைப் பற்றிச் சொல்ல வருவதற்கு முன்பே அரியிலூரும் குன்னமும் கார்குடியும் செங்கணமும் காரையும் வந்து இடம்பிடித்துக்கொண்டன. பாடம் சொன்னவர் மட்டுமல்லாமல், சோறிட்டவரும், வழித்துணையாக வந்தவரும் பெயரோடும் ஊரோடும் அதில் இருக்கிறார்கள். அந்நிலத்துக் கல்லைத் தேடியவர்களும் ஓயவில்லை: அதே 1940-இல், இப்போதைய பெரம்பலூர் ஜில்லாச் சாத்தனூரில், பத்துக் கோடி ஆண்டுக்கும் முற்பட்டதும் பதினெட்டு மீட்டர் நீளமுள்ளதுமான கல்மரம் ஒன்றை எம். எஸ். கிருஷ்ணன் என்னும் பூகர்ப்ப சாஸ்திரி கண்டு உலகுக்கு அறிவித்தார்.

1942-ஆம் ஆண்டு, ஜப்பானியர் குண்டு வீசுவார்கள் என்ற பீதியால் சென்னை காலியானபோது, முதியவரைக் குடும்பத்தார் திருக்கழுக்குன்றத்துக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். அங்கே, ஏப்ரல் மாதம் 28-ஆம் தேதி, அவர் உயிர் நீத்தார். விகடனில் வந்துகொண்டிருந்த சரித்திரம் மே மாதத்தோடு, 122 அத்தியாயங்களில், அவருடைய வாழ்வின் 1899-ஐ ஒட்டிய பகுதியிலேயே நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் அவர் பெயரால் நூல் நிலையம் தோன்ற, குமாரர் கலியாணசுந்தரையர் அந்தச் சுவடிகளை அதனிடம் ஒப்படைத்தார்.

அண்மையில் அரியலூரிலிருந்து பெரம்பலூருக்குப் பேருந்தில் போனேன். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் எதிரே வந்துகொண்டிருந்தன. பருத்திக் காட்டின் நடுவே குன்னம் என்ற பெயர்ப்பலகை தெரிந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம், “ஐயா, தமிழ்த் தாத்தா சாமிநாதையர் சின்ன வயசில் இந்த ஊரிலேதான் படித்தாராம்” என்றேன். அவர் சிறிது நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, “எங்க ஊரிலா? இருக்கும், இருக்கும். இந்தப் பக்கத்திலே அந்தக் காலத்திலே ராமாயணம் பாடுறவங்களை வருஷக் கணக்கா வெச்சுக் காப்பாத்துவாங்கன்னு எங்க பாட்டனார் சொல்லுவாரு” என்றார்.